வேங்கைவயலில் யாருக்குச் சிகிச்சை?

2022 டிசம்பரின் கடைசி வாரத்தில் வேங்கைவயல் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வாந்தி, வயிற்றுப்போக்கு. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வைத்தியம் பார்த்தவர்கள் குடிதண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள். 26ஆம் தேதி ஊர் இளைஞர்கள் சிலர் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தொட்டி. உள்ளே மனித மலம் கிடந்தது.

புதுக்கோட்டை மாவட்டம், குளத்தூர் வட்டம், முட்டுக்காடு ஊராட்சி. இறையூரை ஒட்டிச் சுமார் முப்பது தலித் குடும்பங்கள் வாழும் குடியிருப்பு வேங்கைவயல். மாவட்டத்துக்குள்ளேயே பலருக்குத் தெரியாமலிருந்த அந்தப் பெயரை ஒரு வாரத்தில் நாடே தெரிந்துகொண்டது.

அன்றிலிருந்து வேங்கைவயலைப் பற்றிப் பேசப்பட்டதில் பெரும்பங்கு ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: யார் கலந்தது? கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஆனால் அதன் பக்கத்திலேயே இன்னொரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் எப்படி இருக்கிறார்கள்? அவர்களுக்கு இது ஆறுமா? ஆற வேண்டுமானால் யார் என்ன செய்ய வேண்டும்? முதல் கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லட்டும். இரண்டாவது கேள்வி நம் எல்லோருக்குமானது. அதை இத்தனை நாள் யாரும் கையில் எடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

நம் ஊர்களில் தண்ணீர் வரும் விதத்தை நினைத்துப் பாருங்கள். ஆபரேட்டர் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவார். வால்வைத் திறந்ததும் தெருக்குழாயில் முதலில் காற்று சீறும், அப்புறம் கொஞ்சம் கலங்கல் வரும், அப்புறம் தெளிந்த தண்ணீர். அதற்குள் குடங்கள் வரிசை கட்டியிருக்கும். அந்தத் தண்ணீரில்தான் உலை வைப்பார்கள், கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பாட்டிலை நிரப்புவார்கள், படுக்கையில் கிடக்கும் கிழவரின் வாயை நனைப்பார்கள். வெயிலில் வந்து திண்ணையில் உட்கார்ந்தவருக்கு முதலில் நீட்டுகிற சொம்பிலும் அதுதான்.

என்றைக்குக் கலந்தார்கள் என்று குடித்தவர்களால் சொல்ல முடியாது. அதனால் நினைவு பின்னோக்கி நடக்கும். நேற்று வைத்த ரசம், முந்தாநாள் வந்த சொந்தக்காரருக்குக் கொடுத்த தண்ணீர், அழுத பிள்ளைக்கு நடுராத்திரியில் புகட்டியது. தன் கையால் ஊட்டியதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்காமல் எந்தத் தாயாலும் இருக்க முடியாது. எது கெட்டது, எது நல்லது என்று பிரிக்க ஒரு கோடு கிடைக்காது. கிருமிக்கு மருந்து உண்டு. வாந்தி இரண்டு நாளில் நிற்கும். குழாயைத் திருகப் போன கை ஒரு நொடி நிற்பதை எந்த ஆய்வுக்கூடமும் காட்டித் தராது. குமட்டல் வயிற்றைவிட்டுப் போன பிறகும் எண்ணத்தில் இருக்கும். 'எங்களை இவ்வளவு கேவலமாக நினைத்திருக்கிறார்களே' என்பது அதற்கும் அடியில் இருக்கும்.

இந்த வகை அவமானம் இந்தியாவில் புதிதல்ல. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் தலைமையில் தலித்துகள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் பால், தயிர், சாணம், கோமியம் ஆகியவற்றை 108 குடங்களில் கொண்டுவந்து ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். குளத்தை யாரும் அசுத்தப்படுத்தியிருக்கவில்லை. அவர்கள் குடித்ததே அசுத்தமாகப் பார்க்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீரைக் கெடுப்பதைத் தனிக் குற்றமாகவே எழுதி வைத்திருக்கிறது. நடந்துகொண்டே இருப்பதால்தான் அப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டது.

தொட்டியைத் திறந்து பார்த்த மறுநாள் அப்போதைய மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் ஊருக்கு வந்தார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்க வந்த இடத்தில் மக்கள் வேறு இரண்டையும் சொன்னார்கள். இறையூர் டீக்கடையில் தங்களுக்குத் தனிக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் தங்களை விடுவதில்லை. ஆட்சியர் அவர்களை அழைத்துக்கொண்டு அன்றே கோயிலுக்குள் போனார். அங்கே சாமி வந்து ஆடிய ஒரு பெண் அவர்களை இழிவாகப் பேசினார். அந்தப் பெண்ணும் டீக்கடைக்காரரும் கைதானார்கள்.

அந்த ஒரு நாளை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு பெரிய அதிகாரி வந்து நின்று காதுகொடுத்துக் கேட்டதும், அத்தனை வருஷமாக அடைபட்டிருந்த மற்ற இரண்டும் தானாக வெளியே வந்தன. கேட்பவர் நம்பத் தயாராக இருக்கிறார் என்று தெரிந்தால் மக்கள் பேசுகிறார்கள். தொட்டியில் கிடந்தது அன்றைக்குத் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை என்பதும், குவளையும் கோயில் வாசலும் ஏற்கெனவே போட்டுவைத்த பாதையில்தான் அது வந்தது என்பதும் அன்று ஊரறியத் தெரிந்தன. ஆட்சியர் செய்தது துணிச்சலான காரியம். அதற்கடுத்து நடந்தவைதான் என்னை உறுத்துகின்றன.

மனக்காயத்தைப் பற்றி மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் அவஸ்தையை முன்வைத்து, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடிக்குத் தங்கள் நோய்ப் பட்டியலில் இடம் கொடுத்தார்கள். 1992இல் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர், வீட்டுக்குள் அடிபடும் பெண்ணின் காயத்தையும் போர்க்களத்துச் சிப்பாயின் காயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு நூல் எழுதினார். காயம் ஆறுவதற்கு முதலில் பாதுகாப்பு வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் நடந்ததை நினைத்துத் துக்கம் கொண்டாட முடியும். அதற்கும் பிறகுதான் மற்றவர்களோடு மறுபடி சேர முடியும். முதல் படியில் கால் ஊன்றாதவரை மூன்றாம் படிக்குத் தூக்கி வைத்தால் விழுந்துவிடுவார்.

2014இல் அமெரிக்க அரசின் மனநல அமைப்பான சாம்சா இதையே நிறுவனங்களுக்கான நெறியாக மாற்றியது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், காவல் நிலையம், நீதிமன்றம் எதுவானாலும், உள்ளே வருகிறவர் ஏற்கெனவே அடிபட்டவராக இருக்கலாம் என்று எண்ணியே நடந்துகொள்ள வேண்டும். உனக்கு என்ன கோளாறு என்று கேட்கும் வழக்கத்தை விட்டு, உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டும். எதையும் மறைக்கக் கூடாது. முடிவு எடுப்பதில் அவருக்கும் பங்கு கொடுக்க வேண்டும். உதவி செய்கிறேன் என்று போய் மறுபடியும் காயப்படுத்திவிடக் கூடாது.

கடைசியாகச் சொன்னதை எழுதி ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் மாட்டலாம்.

சுனாமிக்குப் பிறகு உலகம் இன்னொன்றையும் கற்றது. 2004 டிசம்பர் 26க்குப் பின் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் கிழக்குக் கரைவரை ஆறுதல் சொல்லப் பலர் பல இடங்களிலிருந்து வந்தார்கள். நடந்ததை ஒரே உட்காரலில் வரவழைத்துச் சொல்ல வைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பியவர்களும் அவர்களில் உண்டு. அப்படிக் கிளறக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பேரிடர்க்கால மனநலத்துக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதில் உதவியை ஒரு கோபுரமாகப் படம் போட்டிருக்கிறார்கள். மனநல மருத்துவரும் மாத்திரையும் உச்சியில், மிகச் சிறிய இடத்தில். நடுவில் குடும்பமும் அக்கம்பக்கமும். அடியில், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, பாதுகாப்பும் உணவும் உறைவிடமும் குடிதண்ணீரும். அந்த அடித்தளத்தையும் மரியாதை குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி.

இந்தப் படத்தை வேங்கைவயலோடு வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. அங்கே மனநலச் சேவையின் முதல் வேலை தண்ணீர். மாத்திரைக்கு முன்னால், கவுன்சலிங்குக்கு முன்னால், குடிக்கிறவர் நம்பிக் குடிக்கக்கூடிய தண்ணீர். ஊருக்கு லாரியில் தண்ணீர் வந்தது உண்மை. பழைய தொட்டியை இடிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததும் உண்மை. வழக்குக்கு அது சாட்சிப் பொருள். அங்கே வாழ்கிறவர்களுக்கு அது தினமும் கண்ணில் படும் கட்டடம். அந்தத் தொட்டியை என்ன செய்வது, புதுத் தொட்டி எங்கே நிற்க வேண்டும், அதன் பூட்டுச் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் பொறியாளர் மட்டும் முடிவு செய்யும் விஷயங்கள் இல்லை. குடிக்கிறவர்களை உட்காரவைத்துக் கேட்டு முடிவு செய்வதே ஒரு சிகிச்சை. மூடியின் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு எந்த மருத்துவரும் தர முடியாத தூக்கம் வரும்.

2023 ஜனவரியில், காயம் பட்டு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஊரில் சமத்துவப் பொங்கல் வைத்தார்கள். அமைச்சர்கள் வந்தார்கள். நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹெர்மன் சொன்ன மூன்றாம் படி அது. முதல் படி அப்போது கட்டப்படவே இல்லை. யார் செய்தார்கள் என்று தெரியாத, அடுத்து என்ன நடக்குமோ என்று பயந்திருந்த மக்களைச் சேர்ந்து நின்று பொங்கச் சொன்னால், அவர்கள் பொங்குவார்கள், சிரிக்கவும் செய்வார்கள். அந்தச் சிரிப்பைப் படம் எடுத்துக்கொண்டு ஊர் சமாதானமாகிவிட்டது என்று நாம் திரும்பிவிடக் கூடாது.

அதே மாதம் வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. விசாரணை தொடங்கியது. விசாரணை எப்படியெல்லாம் காயமாகும் என்பதை இந்த ஊரில் பார்க்கலாம்.

தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியோடு ஒப்பிட டிஎன்ஏ பரிசோதனை என்றார்கள். முதலில் அழைக்கப்பட்ட 11 பேரில் எட்டுப் பேர் ரத்தம் கொடுக்க மறுத்தார்கள். மறுத்தவர்கள் வேங்கைவயல்காரர்கள். பாதிக்கப்பட்டது நாங்கள், எங்களையே குற்றவாளிபோல நடத்துவதா என்பது அவர்கள் வாதம். பிறகு நீதிமன்ற உத்தரவின் பேரில் பரிசோதனைகள் நடந்தன. சிறுவர்களிடமிருந்தும் மாதிரி எடுத்தார்கள். புலன்விசாரணையில் எவரையும் விட்டுவைக்கக் கூடாது என்று போலீஸ் சொல்லும். அதிலும் நியாயம் இருக்கிறது. நான் கேட்பது வேறு. மலம் கலந்த தண்ணீரைக் குடித்த ஒருவரை அழைத்து, அந்த மலம் உன்னுடையதா என்று பார்க்க ரத்தம் கேட்கும்போது அவருக்குள் என்ன உடைகிறது என்று யோசித்து, அதற்கேற்ப ஒரு வார்த்தை, ஒரு விளக்கம், பக்கத்தில் நம்பிக்கையான ஓர் ஆள் என்று ஏற்பாடு செய்தார்களா? ஏன் எடுக்கிறோம், யார் யாரிடம் எடுக்கிறோம், முடிவை எப்போது எப்படிச் சொல்வோம் என்று தெருவில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த எட்டுப் பேரின் மறுப்பு வேறு விதமாக முடிந்திருக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு இதற்கு இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் மரியாதையோடும் கண்ணியத்தோடும் நடத்த வேண்டும், வழக்கின் போக்கை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மனக்காயம் அறிந்து நடப்பதற்கு வெளிநாட்டு நூல் எதுவும் தேவையில்லை. நம் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நடத்தினால் பாதி வந்துவிடும்.

பிறகு 2025 ஜனவரி வந்தது. வேங்கைவயலைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள்தான் இதைச் செய்தார்கள் என்று சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. உள்ளூர்த் தகராறு ஒன்றைக் காரணமாகச் சொன்னது. ஊர் மக்கள் இதை ஏற்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் சிபிஐ விசாரணை கேட்டன. தொட்டியின் மேல் எடுத்த படங்களும் தொலைபேசிப் பேச்சுகளும் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடின. பிப்ரவரியில் வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து நடுவர் நீதிமன்றத்துக்கு மாறியது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புக் கூற எனக்கு இடமில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் குற்றப்பத்திரிகை வந்த அன்று மாலையே பல வாய்களிலிருந்து ஒரு பெருமூச்சு வந்ததே, 'அவர்களே செய்துகொண்டார்களாம்' என்று, அதைக் கேட்டவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெருமூச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போலீஸ் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடித்தது குடித்ததுதான். டீக்கடையில் தனிக் குவளை இருந்ததுதான். கோயில் கதவு மூடியிருந்ததுதான். ஆட்சியர் முன்னிலையிலேயே அவர்கள் இழிவுபடுத்தப்பட்டதும் உண்மைதான். மூன்று பேர் மேல் போட்ட ஒரு வழக்கு இவை எதையும் அழித்துவிடாது. முப்பது குடும்பங்களுக்குத் தர வேண்டிய ஆறுதலை அது ரத்து செய்யவும் முடியாது. போலீஸ் சொல்வது தவறு என்றால், அந்த ஊருக்கு இரண்டாவது முறையும் விஷம் கொடுத்திருக்கிறோம். இரண்டில் எது உண்மையானாலும் அவர்களைக் கவனிக்கும் கடமை நம் மேல்தான் நிற்கிறது. ஆகவே தீர்ப்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்திப்போட எந்தக் காரணமும் இல்லை.

ஒத்திப்போட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கையின் கிளிநொச்சியில் பார்க்கலாம். போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 அன்று அங்கே தெருவோரம் போராட உட்கார்ந்தார்கள். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் திதி கொடுக்கவும் முடியாமல், எதிர்பார்க்காமல் இருக்கவும் முடியாமல், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். உண்மை தெரியாத துக்கத்துக்கு எட்டாம் நாளும் கிடையாது, முப்பத்தொன்றும் கிடையாது.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அந்தப் போரின் பாதிப்பை ஊர் முழுவதற்கும் பட்ட காயமாகப் பார்த்தவர். போர் தனி மனிதர்களை மட்டும் உடைக்கவில்லை; குடும்பத்தையும் அயலையும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையையும் உடைத்தது என்றார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு மருந்து கொடுத்தால் போதாது என்று கண்டு, ஆசிரியர்களுக்கும் கிராம ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுக்கவும், நின்றுபோன கோயில் சடங்குகளையும் கூத்தையும் கூடிப் புலம்பும் வழக்கத்தையும் ஆற்றும் வழிகளாக மதிக்கவும் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் முயன்றார்கள். தமிழில் மனக்காயத்தைப் பற்றிப் பேசும் எவரும் அந்த அனுபவத்துக்குக் கடன்பட்டவர்கள்.

ஆனால் அதை அப்படியே குளத்தூர் வட்டத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. இங்கேதான் நான் தடுக்கி நிற்கிறேன். எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் மனம் உடைந்தவர்களைத் தாங்குவதற்கு ஊர்கள் வைத்திருந்த ஏற்பாடு அய்யனார் கோயில்தான். புரவி எடுப்பு, குறி கேட்பது, சாமியாடியின் கையால் திருநீறு வாங்குவது. பயந்த பிள்ளையை அங்கேதான் தூக்கிப்போவார்கள். வேங்கைவயல்காரர்களுக்கு அந்தக் கதவுதான் அடைபட்டிருந்தது. திருநீறு கொடுக்க வேண்டிய வாயிலிருந்து வசவு வந்தது. ஊர்கூடிச் செய்யும் சடங்கு காயத்தை ஆற்றும் என்றால், முதலில் அந்த ஊரில் நாமும் சேர்த்தி என்றாக வேண்டும். காயமே ஊரிலிருந்து வந்திருக்கும்போது ஊரிடம் போய் மருந்து கேட்க முடியுமா? யாழ்ப்பாணத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போக வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர் அடிபட்டார்கள். கோயில் எல்லோருக்கும் ஆறுதல் என்று சொல்லும் முன் அங்கே யாருக்கெல்லாம் இடமிருந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

1972இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரிக் கம்பெனியின் அணை உடைந்து பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் 125 பேர் இறந்தார்கள். அந்த மக்களிடம் பேசி எழுதிய கை எரிக்சன் என்ற சமூகவியலாளர், உயிரோடு மிஞ்சியவர்களை வாட்டியது வெள்ளம் மட்டும் இல்லை, பக்கத்து வீடு என்ற ஒன்று இல்லாமல் போனதுதான் என்றார். அந்தச் சுரங்க ஊர்களுக்கு இழக்க ஓர் அயல் இருந்தது. வேங்கைவயலுக்கும் இறையூருக்கும் நடுவில் அப்படி ஓர் அயல் என்றைக்காவது இருந்ததா? பழைய நிலைக்குத் திரும்புவோம் என்று பேரிடர்க்காலங்களில் சொல்வார்கள். இங்கே பழைய நிலை என்பது இரட்டைக் குவளை. திரும்புவதற்கு நல்ல இடம் எதுவும் பின்னால் இல்லை. புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும்.

அப்படிக் கட்டியதற்கு நம் நாட்டிலேயே ஓர் ஊர் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். பெண்களைக் குழந்தைகளோடு சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். குடிக்கிற கிணற்றைக்கூடக் கெடுத்துவிட்டுப் போனார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள், அங்கேயும் தண்ணீர்தான். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நிற்க, பத்தொன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை இறந்துபோன 54 பேர் போக மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். அதை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், தீர்ப்பு எழுதுவதற்கு முன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போனார். அதே ஆண்டு செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதி செய்தார். அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க உத்தரவிட்டார்.

முப்பத்தோரு ஆண்டு. எந்த மனநல ஆலோசகரும் அந்தப் பெண்களுக்கு அதற்குள் இவ்வளவு செய்திருக்க முடியாது. அவர்கள் சேர்ந்து போனார்கள், சேர்ந்து சாட்சி சொன்னார்கள், அவர்களில் எவரையும் தனியாக நிற்க விடவில்லை. அவர்கள் ஏறி இறங்கிய நீதிமன்றத்திலிருந்து ஒருவர் கடைசியில் அவர்கள் தெருவுக்கு வந்து நின்று பார்த்தார். வாச்சாத்திப் பெண்கள் ஆறிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது அவர்கள் சொல்ல வேண்டியது. அவர்கள் சொன்னது உண்மை என்று நாடு ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் இல்லாமல் வேறு எந்த மருந்தும் உள்ளே இறங்காது.

ஹெர்மன் 2023இல் எழுதிய இன்னொரு நூலுக்காக, வன்முறைக்கு ஆளானவர்களிடம் உங்களுக்கு நியாயம் என்பது எது என்று கேட்டார். தண்டனையை முதலில் சொல்வார்கள் என்று நாம் நினைப்போம். அவர்களில் பலர் கேட்டதோ வேறு: நடந்தது உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அடித்தவனைவிட, அடிக்கும்போது திரும்பிக்கொண்டவர்கள் கொடுத்த வலி பெரிது.

இதைப் படித்தபோது எனக்கு இறையூர் ஞாபகம் வந்தது. சரியாகச் சொன்னால், இறையூர்களின் ஞாபகம். தனிக் குவளை வைத்த டீக்கடைக்காரர் ஒருவர்தான். அந்தக் கடையில் நல்ல குவளையில் குடித்தவர்கள் எத்தனை பேர்? தினமும் காலையில், பேப்பர் படித்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் ஒதுங்கி நின்று வேறு குவளையில் வாங்குவதைப் பார்த்தும் பார்க்காமலும். சட்டம் கடைக்காரரைப் பிடித்தது. குடித்தவர்களை எந்தச் சட்டமும் பிடிக்காது. ஆனால் ஆற்றும் வேலை என்று ஒன்று தொடங்குமானால் அது அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். வேங்கைவயலுக்கு ஆலோசகரை அனுப்புவோம், மனசு சரியில்லாதவர்கள் டெலிமானஸ் 14416 எண்ணுக்குப் பேசட்டும் என்பதெல்லாம் தேவைதான். இரவில் தூக்கம் வராத ஒருவருக்கு அந்த எண் உதவும். அத்தோடு நின்றால், அடிபட்டவரை நோயாளியாக்கிவிட்டு மற்ற எல்லோரும் ஆரோக்கியமாக இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்ததாகும். தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறவர் நோயாளி இல்லை. இன்னொரு மனிதர் தொட்ட குவளையைப் பார்த்துக் கூசுகிறவருக்குத்தான் சிகிச்சை வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் காத்திருக்க நேரமே இல்லை. அன்று வாந்தி எடுத்த பிள்ளைகளும் இறையூர்ப் பிள்ளைகளும் இதே வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் படித்து வளர்பவர்கள். 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அது கொடுத்த அறிக்கை, கையில் கட்டும் சாதிக் கயிறிலிருந்து பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதிவரை பேசியதோடு, பள்ளிகளில் மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலர்கள் வேண்டும் என்றும் சொன்னது. அந்த அலுவலர் முதலில் வர வேண்டிய இடங்களில் குளத்தூர் வட்டமும் ஒன்று. 'உங்க டேங்க்ல தானே' என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? அதற்கு யாராவது அவரைத் தயார் செய்திருக்கிறோமா?

இந்த மாவட்டத்தால் முடியாது என்று சொல்லிவிட முடியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே நடந்தபோது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். கேலி அடங்கும்வரை ஓட்டினார்கள். அந்த வகுப்புகளை மாலை நேரத்தில் ஊர்ப் பிள்ளைகளே தொண்டர்களாக நின்று நடத்தினார்கள். தெருவுக்குத் தெரு உட்கார்ந்து பேசும் பழக்கம் புதுக்கோட்டைக்கு இருந்தது. சாதியைப் பற்றி அப்படி உட்கார்ந்து பேச ஓர் இயக்கம் இன்னும் வரவில்லை.

அதை நாம் தொடங்கலாம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. முட்டுக்காட்டிலும் கூடும். வருகிற மார்ச் 22 அன்று அந்தச் சபையை வேங்கைவயல் தெருவில் கூட்டுங்கள், அங்கே இருப்பவர்கள் சம்மதித்தால். மேடை வேண்டாம், அமைச்சர் வேண்டாம், கேமரா வேண்டாம். வேங்கைவயல்காரர்களை எதுவும் சொல்லச் சொல்ல வேண்டாம்; மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் நல்ல குவளையில் குடித்தவர்கள் எழுந்து பேசுங்கள். நாங்கள் பார்த்தோம், பார்த்துக்கொண்டு இருந்தோம் என்று சொல்லுங்கள். பேசி முடித்த பிறகு அவர்கள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள்.